போய் வந்த பிள்ளை ஊருக்குச் சொல்லட்டும்!

“அப்பா! பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டுச் சுற்றுலா கூட்டிப் போகிறார்களாம். நானும் போகட்டுமா?”

மகள் இப்படிக் கேட்டதும் அப்பா என்ன செய்வார்? அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். அம்மா என்ன செய்வாள்? தன் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்ப்பாள்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வி பட்டணத்துப் பணக்கார வீடுகளில் மட்டும்தான் கேட்டது. இப்போது ஜெயங்கொண்டம் போன்ற ஊர்களுக்கும் வந்துவிட்டது. ஜெயங்கொண்டத்தைச் சுற்றி இருப்பவர்கள் யார்? முந்திரிக் காடு வைத்திருப்பவர்கள். தறி நெய்பவர்கள். சிமெண்டு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஊரில் ரெயில் நிலையம்கூடக் கிடையாது. ரெயில் ஏற வேண்டும் என்றால் அரியலூருக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரின் பிள்ளை விமானம் ஏற ஆசைப்படுகிறது.

ஆசைப்படுவது தப்பா? தப்பே இல்லை. பிள்ளைகள் நாலு நாட்டைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று. பள்ளிக்கூடத்தில் ஐந்நூறு பிள்ளைகள் படிக்கிறார்கள். வெளிநாடு போகிறவர்கள் ஐந்து பேரோ பத்துப் பேரோதான். மற்றவர்கள்? அவர்கள் ஊரில்தான் இருக்கப் போகிறார்கள். போகிற பிள்ளை அவர்களுக்காகவும் பார்த்து வர வேண்டும். வந்து சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை போனால் பள்ளிக்கூடமே போன மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் அது படிப்புப் பயணம். இல்லாவிட்டால் வெறும் ஊர் சுற்றல்!

அரசாங்கம் அனுப்பிய பிள்ளைகள்

பணம் இருந்தால்தான் வெளிநாடு போகலாம் என்பது இல்லை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவ மாணவிகளும் போய் வந்திருக்கிறார்கள். அரசாங்கச் செலவிலேயே போய் வந்திருக்கிறார்கள்.

2019 ஜனவரியில் 50 பேர் பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் போனார்கள். 2022 நவம்பரில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஷார்ஜாவுக்குப் போனார்கள். அங்கே 1982 முதல் நடந்து வரும் புத்தகக் கண்காட்சியைப் பார்த்தார்கள். 2023-ல் ஒரு குழு ஜப்பானுக்குப் போய் வந்தது.

“பள்ளிக்கூடத்தில் பெஞ்சு இல்லை. கூரை ஒழுகுகிறது. இந்த லட்சணத்தில் வெளிநாட்டுப் பயணம் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு.

நியாயமான கேள்விதான். பெஞ்சு வாங்கினால் ஒரு வகுப்பே உட்காரும். விமானச் சீட்டு வாங்கினால் ஒரு பிள்ளைதான் உட்காரும். இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்த ஒரு பிள்ளை திரும்பி வந்து ஐந்நூறு பிள்ளைகளின் கண்ணைத் திறந்தால் செலவு வீண் இல்லை. பெட்டியை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டால், கேட்டவர் பக்கம்தான் நியாயம்!

ஆயிரம் ஆண்டுக்கு முன்னால்

இந்த வட்டாரத்துக்குக் கடல் கடப்பது புதிதா? இல்லவே இல்லை.

ஜெயங்கொண்டத்தில் இருந்து கிழக்கே பத்து கிலோ மீட்டர் போனால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழனின் தலைநகரம். அவனுடைய கப்பல் படை 1025-ஆம் ஆண்டை ஒட்டிக் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவில் இருக்கும் கெடா மாநிலம். ஆயிரம் ஆண்டு நிறைந்ததை 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் விழா எடுத்துக் கொண்டாடினார்கள். பிரதமர் மோடியும் வந்திருந்தார்.

அது போர்ப் பயணம். படிப்புப் பயணம் அல்ல. அடித்ததையும் பிடித்ததையும் பிள்ளைகள் பின்பற்ற வேண்டியது இல்லை. ஆனால் அதில் நாம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

போனவர்கள் வந்து சொன்னார்கள். சொன்னதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் அந்த ஊர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. வெறும் பெயர்கள் மட்டும் அல்ல. பல ஊர்களுக்கு ஓர் அடையாளமும் இருக்கிறது. பண்ணை என்ற ஊருக்கு நீர்த்துறை. மலையூருக்கு மலை மேல் கோட்டை. நக்கவாரத்துக்குத் தேன் நிறைந்த சோலை. அந்த நக்கவாரம்தான் இன்றைய நிக்கோபார் தீவு.

பார்த்தீர்களா! ஒரு சொல்லில் ஓர் ஊர் கண் முன்னால் வந்துவிடுகிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் நாம் படிக்கிறோம்.

இன்று போகிற பிள்ளை கையில் செல்போன் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிறது. எல்லாப் படத்திலும் அதன் முகம்தான் இருக்கிறது. ஊர் எங்கே? ஊரைக் காணோம்!

பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புங்கள். “ஒரு நாளைக்கு ஓர் அடையாளம் எழுதி வா” என்று சொல்லுங்கள். அது போதும்.

எதைப் பார்ப்பது?

வெளிநாடு போனால் எதைக் காட்டுகிறார்கள்? மலேசியா என்றால் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம். 88 மாடி. பிறகு பத்துமலை முருகன் சிலை. 140 அடி. பிறகு கடைத்தெரு. பார்க்கட்டும். பார்க்க வேண்டியவைதான்.

ஆனால் ஜெயங்கொண்டத்துப் பிள்ளை மலேசியா போய்க் கடாரத்தைப் பார்க்காமல் வந்தால் எப்படி? கெடாவில் புஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே பழைய கோவில்களின் அடித்தளங்களைத் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகமும் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தைப் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு அங்கே நிற்கும்போது மயிர் சிலிர்க்காதா?

இன்னொன்று. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ரப்பர்த் தோட்டத்தில் பாடுபடப் போன நம்மவர்களின் பேரப் பிள்ளைகளும் அவற்றில் படிக்கிறார்கள். அப்படி ஒரு பள்ளியில், ஒரே ஒரு நாள், நம் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும். இரட்டைக் கோபுரத்தை மறந்தாலும் அந்த ஒரு நாளை மறக்கமாட்டார்கள்.

வளைகுடா நாடு என்றால்? ஷார்ஜா, துபாய் என்றதும் வானத்தைத் தொடும் கட்டடங்களைக் காட்டுகிறார்கள். அவற்றைக் கட்டியவர்கள் யார்? அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து அப்பாக்களும் மாமாக்களும் அதில் உண்டு. வெயிலில் நின்று சம்பாதித்துப் பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்புகிறார்கள். கட்டடத்தைக் காட்டினால் போதுமா? கட்டியவரையும் காட்ட வேண்டாமா? ஒரு மாலை வேளையில் நம் ஊர்த் தொழிலாளர்களோடு பிள்ளைகள் உட்கார்ந்து பேசட்டும். அப்பா அனுப்புகிற ஒவ்வொரு ரூபாயின் அருமையும் அன்றைக்கே புரிந்துவிடும்.

பார்க்கிற கண் இருந்தால் எங்கும் பாடம் உண்டு. பின்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஹெல்சிங்கி நகரத்தில் காலை ஒன்பது மணிக்குத்தான் சூரியன் தலைகாட்டும். மாலை நான்கு மணிக்கே மறைந்துவிடும். அந்தக் குளிரிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அங்கே பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம். 1948 முதல் போடுகிறார்கள்.

இதைக் கேட்டதும் நம் பிள்ளை என்ன நினைக்க வேண்டும்? “எங்கள் ஊரிலும் உண்டே!” என்று நினைக்க வேண்டும். காமராஜர் 1956-ல் மதிய உணவு கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவு ஆக்கினார். 2022-ல் காலை உணவும் வந்தது. வெளிநாட்டைப் பார்த்து வாயைப் பிளப்பதற்காகப் போகவில்லை. நம்மிடம் இருப்பது எது, இல்லாதது எது என்று எடைபோடத்தான் போகிறோம்.

உள்ளூரை முதலில் பாருங்கள்

எடைபோட வேண்டும் என்றால் தராசின் ஒரு தட்டில் நம் ஊர் இருக்க வேண்டும். ஜெயங்கொண்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் கங்கைகொண்ட சோழபுரத்தை நன்றாகச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள்? கோவிலில் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். 2004-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பக்கத்தில் மாளிகைமேடு. ராஜேந்திரனின் அரண்மனை இருந்த இடம். அங்கே தோண்டியபோது சீனத்துப் பீங்கான் ஓடுகளும் கிடைத்தன. உடைந்த ஓடுதான். ஆனால் அது சீனாவில் இருந்து கடல் கடந்து நம் ஊருக்கு வந்தது!

வெளிநாடு போவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் அந்த மாளிகைமேட்டில் ஒரு நாள் நிற்கட்டும். இதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம். பஸ் டிக்கெட் போதும். ஐந்நூறு பிள்ளைகளும் போகலாம்.

கடன் வாங்காதீர்கள்!

இனி, பணம் கட்டிப் போகிற பயணம். இங்கேதான் பெற்றோர்கள் நிதானமாக இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இருந்து சீட்டு வருகிறது. “விருப்பம் உள்ளவர்கள் பணம் கட்டலாம்” என்று இருக்கிறது. விருப்பம் எல்லோருக்கும் உண்டு. பணம்தான் சிலருக்கு இல்லை. வகுப்பில் பிள்ளைகள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். போகிறவர்கள் ஒரு கட்சி. போகாதவர்கள் ஒரு கட்சி. போகாத பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறது. அம்மா சங்கிலியைக் கழற்றுகிறாள்.

அம்மா, கழற்றாதீர்கள்! ஐந்து நாள் பயணத்துக்காக இரண்டு வருஷம் வட்டி கட்டுவது படிப்பு இல்லை. “இந்த வருஷம் முடியாது, கண்ணு” என்று பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். வீட்டு நிலைமையைத் தெரிந்துகொள்வதும் ஒரு படிப்புதான்.

முடிந்தவர்கள் அனுப்புங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். கூடப் போகிற ஆசிரியர்கள் எத்தனை பேர்? பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியை உண்டா? உடம்புக்கு வந்தால் வைத்தியச் செலவு யாருடையது? காப்பீடு எடுத்திருக்கிறார்களா? பயணம் நின்றுபோனால் பணம் திரும்பி வருமா? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பிள்ளை உங்களுடையது.

பாஸ்போர்ட்டையும் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இருந்தால் அலைய வேண்டி வரும். எழுத்துப் பிழையை முன்கூட்டியே திருத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டுகிற பிள்ளைகளோடு, கட்ட முடியாத பிள்ளைகளில் இரண்டு பேரையாவது பள்ளிச் செலவில் கூட்டிப் போங்கள். சீட்டுக் குலுக்கி எடுங்கள். பெரிய தொகை ஆகாது. பெரிய மனசு போதும்.

வந்து சொல்வது எப்படி?

பிள்ளை திரும்பி வந்துவிட்டது. மிட்டாய் கொடுத்தாகிவிட்டது. அதோடு முடிந்ததா? இல்லை. வேலையே இனிமேல்தான்.

முதல் வாரத்தில் காலைக் கூட்டத்தில் பேசட்டும். பிறகு ஒவ்வொரு வகுப்பாகப் போய்ப் பேசட்டும். நோட்டுப் புத்தகத்தைப் பள்ளி நூலகத்தில் வைக்கட்டும். பெற்றோர்கள் வருகிற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கால் மணி நேரம் கொடுங்கள். முந்திரி உடைத்துவிட்டு வருகிற அம்மாவும் கேட்கட்டும். “அங்கே தெருவை எப்படிக் கூட்டுகிறார்கள்? பஸ்ஸில் எப்படி ஏறுகிறார்கள்? பெண்கள் ராத்திரியில் தனியாகப் போகிறார்களா?” என்று அந்த அம்மா கேட்பாள். பிள்ளை பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால், போகும்போதே கண்ணைத் திறந்து பார்க்கும்!

தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. ஏ.கே.செட்டியார் பல நாடுகளைச் சுற்றினார். காந்தியைப் பற்றிய படச் சுருள்களைத் தேடி அலைந்தார். 1940-ல் அவற்றை ஒரே படமாக்கித் தமிழர்களுக்குக் காட்டினார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று புத்தகமும் எழுதினார். கப்பலையே பார்க்காத வாசகர்களுக்கு அவர் உலகத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். அவர் சுற்றிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் நமக்கு என்ன லாபம்?

ஆகவே, மகள் வந்து “நானும் போகட்டுமா?” என்று கேட்டால் உடனே சங்கிலியைத் தொடாதீர்கள். உடனே “முடியாது” என்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார வையுங்கள். “நீ பார்த்துவிட்டு வந்து யாருக்குச் சொல்வாய்?” என்று கேளுங்கள்.

“என் வகுப்புப் பிள்ளைகளுக்கு” என்று சொன்னால் அவள் பயணத்துக்குத் தயார் என்று அர்த்தம். இந்த வருஷம் இல்லாவிட்டாலும் என்றைக்காவது ஒரு நாள் அவள் கடல் கடப்பாள். அன்றைக்கு வாசலில் நின்று வாய் நிறையச் சொல்லுங்கள்:

“போய் வா, கண்ணு! வந்து எல்லோருக்கும் சொல்லு!”