எல்லாம் சாய்கோவ்ஸ்கிதானே?

‘பிளாக் ஸ்வான்’ படத்தின் இசையைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்னும் இந்த ஒரு வரி காதில் விழுகிறது: “அதில் கிளின்ட் மான்செல் என்ன செய்துவிட்டார்? எல்லாம் சாய்கோவ்ஸ்கிதானே.” சொல்கிறவர்கள் இசை தெரியாதவர்கள் அல்லர். நன்றாகத் தெரிந்தவர்கள், சிக்கலே அதுதான். அவர்கள் பக்கம் பெரியதொரு சான்றிதழும் இருக்கிறது. 2010 டிசம்பரில் ஆஸ்கர் விருதுகளை வழங்கும் அகாதெமி, அந்தப் படத்தின் இசை ‘அசல் இசை’ப் பிரிவில் போட்டியிடவே தகுதியற்றது என்று ஒதுக்கியது. ஏற்கெனவே உள்ள இசையைக் கலந்ததால் நீர்த்துப்போன இசைக்கு அந்தப் பிரிவில் இடமில்லை என்பது விதியின் சாரம். நீர்த்துப்போனது என்ற அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூயார்க்கில் ஒரு பாலே குழு ‘ஸ்வான் லேக்’ நாட்டியத்தைப் புதிதாக மேடையேற்றுகிறது. வெள்ளை அன்னம் ஒடெட், அவளைப் போலவே உருக்கொண்டு வந்து ஏமாற்றும் ஒடீல் இருவரையும் ஒரே நடனக்காரிதான் ஆட வேண்டும். நீனா வெள்ளை அன்னத்தைக் குறையில்லாமல் ஆடுகிறாள். கறுப்பு அன்னம் அவளுக்குள் இறங்க மறுக்கிறது. அதை இறக்க முயன்று மனம் பிறழ்கிறாள். டேரன் அரோனோஃப்ஸ்கி இயக்கம். நீனாவாக நடித்த நாட்டலி போர்ட்மனுக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. நடிப்பு அசல்தானா என்று யாரும் கேட்கவில்லை.

இந்தக் கதையில் இசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒத்திகைக் கூடத்தில் பியானோக்காரர் ‘ஸ்வான் லேக்’ வாசிக்கிறார். அது கதைக்குள் ஒலிக்கும் இசை. நீனாவுக்கும் கேட்கிறது, நமக்கும் கேட்கிறது. அவளுடைய படுக்கையறையில் பொம்மை நடனக்காரி சுழலும் இசைப்பெட்டி ஒன்று. அதிலும் அதே மெட்டு. பிறகு அவள் வீட்டுக்குப் போகும்போதும், கண்ணாடி முன் நிற்கும்போதும், தோளில் கீறல் தெரியும்போதும் அந்தச் சுரங்களே வருகின்றன. ஆனால் வாசிக்க இப்போது அங்கே ஆள் இல்லை. மான்செல் அவற்றைப் பிரித்தெடுத்து, இழுத்து, கனமாக்கி, சில இடங்களில் பின்னோக்கி ஓடவிட்டு, மின்னணு முழக்கத்துக்கு அடியில் புதைத்திருக்கிறார். இது படத்துக்குப் போட்ட பின்னணி இசையா, அவள் தலைக்குள் ஒலிப்பதா என்று நம்மால் சொல்ல முடிவதில்லை. நீனாவுக்கும் எது வெளியே, எது உள்ளே என்று தெரியவில்லை. பார்க்கிறவனை அதே குழப்பத்தில் தள்ளுவதுதான் உளவியல் திகில் படத்தின் வேலை. அதை இங்கே முக்கால்வாசி செய்வது இசை.

புத்தம் புது மெட்டு ஒன்றைக் கொண்டு இதைச் செய்ய முடியாது. நமக்கு முன்பே தெரிந்த ஒன்று கோணலாகும்போதுதான் கோணல் என்று தெரியும். முன்பின் பார்த்திராத முகம் சற்றே மாறியிருந்தால் யாருக்குப் பயம்? பயம் வர, அம்மாவின் முகம் மாற வேண்டும்.

புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு ஒரு வருடம் உழைத்த வீடுகளைக் கேளுங்கள். ஒரே வர்ணம் காரில், சமையலறையில், கடைசியில் குளியலறைக் குழாய்ச் சத்தத்திலும் கேட்கும். அரங்கேற்றம் முடிந்து ஆறு மாதம் ஆனாலும் அந்த ஜதி வீட்டை விட்டுப் போகாது. ஒத்திகை இசைக்கு ஒரு வீட்டைப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. மான்செல் கையாண்டது அந்தக் குணத்தை.

“அப்படியானால் ‘தி ரெட் ஷூஸ்’?” என்று ஒரு கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். பாலேயையும் அதை ஆடுகிறவளின் அழிவையும் பற்றிய அந்த 1948ஆம் ஆண்டுப் படத்துக்கு பிரையன் ஈஸ்டேல் ஒரு முழு பாலேயையே புதிதாக எழுதினார், ஆஸ்கரும் பெற்றார். மான்செலும் அப்படிச் செய்திருக்கலாமே? முடியாது, ஏனென்றால் கதை வேறு. ‘தி ரெட் ஷூஸ்’ நாயகி ஆடுவது கதைக்குள் அப்போதுதான் பிறக்கும் நாட்டியம். அதை அவளுக்கு முன் ஆடியவர் யாரும் இல்லை. நீனாவின் தலையில் ஏறுவது நூறு வருடப் பாரம். எத்தனையோ பேர் ஆடிய பாத்திரம், பார்வையாளர்கள் ஒவ்வொரு சுழற்சியையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாத்திரம். 1895இல் பியரினா லென்யானி என்ற இத்தாலிய நடனக்காரி அந்தப் பாத்திரத்தில் 32 முறை ஒற்றைக்காலில் சுழன்றார். அன்றிலிருந்து அந்த 32க்காகக் காத்திருப்பது ரசிகர்களின் வழக்கமாகிவிட்டது. அந்தச் சுமையைப் புது மெட்டில் ஏற்ற வழியில்லை. படத்துக்குச் சாய்கோவ்ஸ்கி அலங்காரம் அல்ல. கதையில் ஒரு பாத்திரம். நீனாவின் தாயைப் போல, அவளும் விட்டுப் போக முடியாது, அவரும் விடமாட்டார்.

எனக்கு உண்மையில் சிரிப்பு மூட்டுவது வேறொன்று. ‘அசல்’ என்று இவர்கள் காவல் காக்கும் ‘ஸ்வான் லேக்’ எவ்வளவு அசல்? சாய்கோவ்ஸ்கி அதை எழுதியது 1875-76இல். மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் 1877இல் மேடையேறியபோது பெரிய வரவேற்பு இல்லை. இன்று உலகம் முழுக்க ஆடப்படும் வடிவங்களில் பெரும்பாலானவை, அவர் 1893இல் இறந்தபின், 1895இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மாரின்ஸ்கி அரங்குக்காகப் பெட்டிப்பாவும் இவானோவும் அமைத்ததை ஒட்டியவை. அதற்காக இசைப் பிரதியை வெட்டி ஒட்டியவர் ரிக்கார்டோ டிரிகோ என்ற இசை நடத்துநர். சில பகுதிகளை நீக்கினார், சிலவற்றை இடம் மாற்றினார், சாய்கோவ்ஸ்கி பியானோவுக்கு எழுதியிருந்த மூன்று சிறு துண்டுகளை இசைக்குழுவுக்கு மாற்றி உள்ளே செருகினார்.

அந்த மூன்றில் ஒன்றுதான் ஒடீலின் தனி நடனத்துக்கு இன்றும் வழக்கமாக ஒலிப்பது! அவள் இளவரசனோடு ஆடும் புகழ்பெற்ற இருவர் நடனமோ, சாய்கோவ்ஸ்கி முதல் அங்கத்தில் இளவரசனின் பிறந்தநாள் விருந்துக்கு எழுதிய இசை. ஒடீல் அங்கே இல்லவே இல்லை. டிரிகோ அதைத் தூக்கி மூன்றாம் அங்கத்தில் வைத்தார்; கொண்டாட்ட இசை வஞ்சக இசை ஆயிற்று. சுரம் அதிகம் மாறவில்லை, இடம் மாறியது. ஆக, கறுப்பு அன்னம் என்று நாம் காதால் அறிந்ததே ஒரு தழுவலாளர் கைவேலை.

வெள்ளை அன்னம் மட்டும் சுத்தம் என்றும் சொல்வதற்கில்லை. இரண்டாம் அங்கத்தில் வயலினும் செலோவும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு போகும் காதல் இசை இருக்கிறதே, அது சாய்கோவ்ஸ்கி 1869இல் எழுதி, மேடையேறாமல் போய், பிற்பாடு தானே அழித்துவிட்ட ‘உந்தினா’ என்ற ஓப்பராவில் இருந்த காதலர் பாட்டு. மனிதக் குரல்கள் பாடியதை இரண்டு வாத்தியங்களுக்குக் கொடுத்தார். இதை யாரும் நீர்த்துப்போனது என்று சொல்லிக் கேட்டதில்லை.

அன்னத்தின் அந்த ஓபோ மெட்டு திகில் படத்துக்குப் போனதும் மான்செலால் அல்ல. 1931இல் பெலா லுகோசி நடித்த ‘டிராகுலா’வின் தலைப்பு இசையே அதுதான்; அடுத்த ஆண்டு ‘தி மம்மி’யிலும் வந்தது. அவை அப்படியே எடுத்து ஒட்டிய வேலை. ஒட்டுவதற்கும் மாற்றி எழுதுவதற்கும் உள்ள தூரத்தை அறிய விரும்புகிறவர் அவற்றையும் ‘பிளாக் ஸ்வா’னையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும்.

அகாதெமியின் சொந்தக் கணக்கு இன்னும் வேடிக்கை. அதே ஆண்டு ‘ட்ரூ கிரிட்’ இசையும் தள்ளுபடி. கார்ட்டர் பர்வெல் பழைய கிறிஸ்தவப் பாடல்களை எடுத்தாண்டிருந்தார் என்பது குற்றம். பரிந்துரைப் பட்டியலில் இடம் பெற்றது ‘தி கிங்ஸ் ஸ்பீச்’. அந்தப் படத்தின் உச்சக்கட்டத்தில், அரசர் திக்கித் திக்கி வானொலியில் பேசும்போது நம் நெஞ்சை அடைக்கும் இசை பீத்தோவனின் ஏழாம் சிம்பொனி. விருதை வென்றது ‘தி சோஷியல் நெட்வொர்க்’. அதில் படகுப் போட்டிக் காட்சிக்கு வருவது கிரீக் எழுதியதன் மின்னணுத் தழுவல். அந்த இரு படங்களின் இசையையும் நான் குறை சொல்லவில்லை. இரண்டாவதை இன்றும் வேலை நேரத்தில் கேட்கிறேன். அவற்றில் கடன் ஒரு காட்சி, ‘பிளாக் ஸ்வா’னில் கடன் படம் முழுக்க என்று விதி எழுதியவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஒரு காட்சிக்குக் கடன் வாங்கி அப்படியே வைப்பது குற்றமில்லை, படம் முழுக்க வாங்கி ஒவ்வோர் இழையாகப் பிரித்து நெய்வது குற்றம் என்றால், தண்டனை உழைப்புக்கா, கடனுக்கா?

நினோ ரோட்டாவை மறக்க முடியுமா? ‘தி காட்ஃபாதர்’ இசைக்குக் கிடைத்த பரிந்துரை, அதன் காதல் மெட்டை 1958இல் வந்த ‘ஃபார்ச்சுனெல்லா’ என்ற இத்தாலியப் படத்துக்கு அவரே பயன்படுத்தியிருந்தார் என்று பறிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகள் கழித்து, அதே காதல் மெட்டு மீண்டும் ஒலிக்கும் ‘தி காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்துக்கு விருதையே கொடுத்தார்கள்.

எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தை மறைக்க விரும்பவில்லை. படத்தின் கடைசிப் பகுதியில், மேடை நிகழ்ச்சியில், சாய்கோவ்ஸ்கி ஏறக்குறைய நேராகவே வருகிறார். பி மைனரில் புலம்பிய அன்னத்தின் மெட்டு இறுதியில் பி மேஜராகத் திறக்கும்போது மயிர்க்கூச்செறிந்தால், அதற்கு யாருக்கு நன்றி சொல்வது? நியாயமான கேள்வி. ஆனால் இதே கேள்வி திரைக்கதைக்கும் உண்டு. நாவலைத் தழுவிய திரைக்கதையில் எது நாவலாசிரியருடையது, எது திரைக்கதையாசிரியருடையது? அகாதெமி அதற்காகத் தழுவல்களை வெளியே துரத்தவில்லை. தனிப் பிரிவு வைத்தது. இசைக்கும் அப்படி ஒரு பிரிவு இருந்ததுதான். ஸ்காட் ஜாப்ளினின் பியானோ இசையை ‘தி ஸ்டிங்’ படத்துக்குத் தழுவிய மார்வின் ஹாம்லிஷுக்கும், ஹாண்டெலையும் ஷூபெர்ட்டையும் ‘பாரி லிண்ட’னுக்குத் தழுவிய லெனர்ட் ரோசன்மனுக்கும் 1970களில் விருது கொடுத்திருக்கிறார்கள். 1980களில் அந்த வழக்கம் நின்றது. கதவை மூடிவிட்டு, வெளியே நிற்கிறவனைப் பார்த்து ‘உனக்குத் தகுதியில்லை’ என்பது எந்த ஊர் நியாயம்?

நம் ஆட்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். ஒரு பாட்டு வந்தால் கேட்டு முடிக்கும் முன்பே ‘எங்கிருந்து சுட்டது’ என்று துப்பறியக் கிளம்பும் பழக்கம் நமக்கு உண்டு. சுட்டவர்கள் உண்டு, சொல்லிக்காட்டவும் வேண்டும். ஆனால் களவுக்கும் தழுவலுக்கும் வேறுபாடு தெரியாத காது என்ன காது? ‘சிந்து பைரவி’யில் இளையராஜா, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையைக் காம்போஜியிலிருந்து சாரமதிக்கு மாற்றினார். சங்கீத வட்டாரத்தில் அன்று எழுந்த முணுமுணுப்பு பலருக்கு நினைவிருக்கும். ஏன் மாற்றினார்? நாட்டுப்புறப் பாட்டாகத் தொடங்கும் ‘பாடறியேன் படிப்பறியேன்’ தையல் தெரியாமல் கீர்த்தனைக்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டும் ஒரே மண் என்பதுதான் அந்தக் காட்சியின் வாதம். காம்போஜியில் அந்த வாதம் நிற்காது. கதை கேட்டது, ராகம் மாறியது. தேசிய விருதுக் குழு அந்தப் படத்தின் இசைக்கே விருது கொடுத்தது, தியாகராஜரை நீர்க்கடித்தார் என்று தள்ளவில்லை. கம்பனை வால்மீகிக்குக் கணக்குக் கேட்காத ஒரு மொழியில் இருந்துகொண்டு நாம் மான்செலிடம் ரசீது கேட்கலாமா?

என் பிழைப்பு கணினி ஆலோசனை. பல்லாண்டுகளாக ஓடும் நிரல் ஒன்றை நிறுத்தாமல் உள்ளே கைவைத்து வேறு வேலை செய்ய வைப்பது, வெற்றுத் திரையில் புதிதாக எழுதுவதைவிடக் கடினம் என்று இந்தத் தொழிலில் எவரும் சொல்வார். எழுதியவர் ஏன் அப்படி எழுதினார் என்பது ஒவ்வொரு வரியிலும் புரிய வேண்டும். இல்லாவிட்டால் எங்கோ தொட்டால் எங்கோ உடையும். மான்செலுக்கு அந்தப் புரிதல் இருந்தது. ‘பாப் வில் ஈட் இட்செல்ஃப்’ என்ற, பிறர் ஒலித்துண்டுகளை வெட்டி ஒட்டிப் பாட்டுச் செய்த இங்கிலாந்து இசைக்குழுவிலிருந்து வந்தவர் அவர். ‘பை’, ‘ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்’, ‘தி ஃபவுன்டன்’ என்று அரோனோஃப்ஸ்கிக்குச் சொந்த மெட்டுகளைக் குறைவில்லாமல் தந்தவர். மெட்டுப் பஞ்சத்தில் சாய்கோவ்ஸ்கி வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

‘பிளாக் ஸ்வான்’ இசைக்கு அவர் ஆஸ்கர் வென்றிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பந்தியில் உட்காரவே விடவில்லை என்பதுதான் வழக்கு. 2012இல் கிராமி விருதுக்காரர்கள் உட்காரவிட்டார்கள். திரைப்பட இசைத்தொகுப்புக்கான பரிந்துரைகளில் ‘பிளாக் ஸ்வா’னும் இருந்தது. வென்றது ‘தி கிங்ஸ் ஸ்பீச்’. அந்தத் தொகுப்பில் பீத்தோவனும் இருக்கிறார்.