வியர்க்காதவனும் உழைப்பாளியே!

வியர்வையை நாம் போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும்! உழவனின் நெற்றி வியர்வை விழாமல் நெல் விளைவதில்லை. பாட்டாளியின் முதுகு நனையாமல் ஆலை ஓடுவதில்லை. மேடைதோறும் இதை முழங்குகிறோம், இனியும் முழங்குவோம்.

ஆனால் தோழர்களே, உழைக்க மனமிருந்தும், கையில் வலுவிருந்தும், வியர்வை சிந்தவே முடியாத மனிதன் ஒருவன் இருக்கிறான். வெயிலில் நின்றால் அவன் தோல் ஓலையாய்க் காயும். உடலோ உலையாய்க் கொதிக்கும். தலையில் முடி குறைவு. வாயில் பற்கள் சில. இருப்பவையும் ஆப்பு செதுக்கியதுபோல் கூர்த்து நிற்கும். மர நிழலில் அவன் ஒதுங்கினால், "சோம்பேறி" என்பான் மேஸ்திரி. "பேய் பிடித்த பிள்ளை" என்பான் மந்திரவாதி. "முன்பிறவிப் பாவம்" என்பான் புராணிகன். மூவர் சொல்வதும் பொய்!

உண்மை என்ன? தாய் வயிற்றில் கரு வளரும்போது அதன் வெளிப்படலத்திலிருந்துதான் தோலின் மேலடுக்கும், முடியும், நகமும், பல்லின் எனாமலும், வியர்வைச் சுரப்பியும் உண்டாகின்றன. "இங்கே முடி முளைக்கட்டும், இங்கே பல் எழட்டும், இங்கே சுரப்பி அமையட்டும்" என்று செய்தி சொல்ல ஒரு புரதம் தேவை. எக்டோடிஸ்பிளாசின் என்பது அதன் பெயர். அந்தப் புரதத்தை ஆக்கும் மரபணு பழுதுபட்டால் செய்தி போய்ச் சேராது, வேலையும் நடக்காது. எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்று மருத்துவர்கள் கூறும் குறைகளில் அதிகம் காணப்படும் வகை இதுதான். இதில் பேய்க்கு இடமெங்கே? பாவத்துக்குப் பங்கெங்கே?

இது நேற்று முளைத்த குறையுமன்று. சிந்து மாகாணத்தில், இன்று பாகிஸ்தானாக இருக்கும் மண்ணில், வாழ்ந்த ஓர் இந்துக் குடும்பத்தைப் பற்றிச் சார்லஸ் டார்வின் 1875-இல் எழுதினார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு, இரண்டு தாடைகளிலும் சேர்த்து முன்பற்கள் நான்கு, கடைவாய்ப் பற்கள் எட்டு, அவ்வளவே! உடலில் முடி சொற்பம், இளமையிலேயே வழுக்கை, கோடை வந்தால் தோல் வறண்டு துன்பம். அந்த வீட்டுப் பெண்களுக்கோ குறை இல்லை. ஆனால் அவர்கள் பெற்ற ஆண்மக்களுக்கு அது வந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு வரவே இல்லை.

ஏன் அப்படி? பழுதான மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு அது இரண்டு. ஒன்று கெட்டாலும் மற்றொன்று பெரும்பாலும் காக்கும். சில பற்கள் குறையலாம், ஆங்காங்கே வியர்வை குறையலாம், அவ்வளவுதான். ஆணுக்கு இருப்பதோ ஒன்றே ஒன்று. அது கெட்டால் கைகொடுக்க மற்றொன்று இல்லை. டார்வின் எழுதி 121 ஆண்டுகள் கழித்து, 1996-இல், அந்த மரபணுவையே விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், "உன் வயிறுதான் கெட்ட வயிறு" என்று தாயைத் தூற்றும் வாய்கள் உண்டு. எந்தத் தாய் தன் மரபணுவைக் கடையில் பார்த்து வாங்கினாள்? மரபணுவைத் தாங்கும் தாயின் மகன்களில் ஒவ்வொருவருக்கும் குறை வர வாய்ப்புப் பாதிக்குப் பாதி. தாய்க்கு இல்லாமலே குழந்தையிடம் புதிதாய்ப் பழுது தோன்றுவதும் உண்டு. பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதில் ஒரு சாட்சியும் இல்லை!

மூடநம்பிக்கை இங்கே வெறும் பேச்சோடு நிற்பதில்லை, உயிரையும் கேட்கும். வியர்க்காத கைக்குழந்தையின் உடல் கொதிக்கும்போது, காய்ச்சல் என்று கம்பளியால் போர்த்தி, மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தால், வலிப்பு வரும், மூளை பழுதாகும், உயிரே போகும். பிறந்த முதல் சில ஆண்டுகளே பேராபத்தான காலம். தேவைப்படுவது ஈரத்துணியும், காற்றும், குடிநீரும், மருத்துவரும்தான். அந்த ஆபத்தைக் கடந்த பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போலவே படிப்பான், வளர்வான், உழைப்பான்.

விஞ்ஞானம் ஓய்ந்திருக்கவில்லை. ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள், இல்லாத புரதத்தைச் செயற்கையாக ஆக்கி, கருவைச் சூழ்ந்த பனிக்குட நீரில் செலுத்தினார்கள். இரட்டையர் இருவர், வேறொரு தாயின் மகன் ஒருவன் ஆக மூன்று ஆண் குழந்தைகள் வியர்வை சுரக்கும் உடலோடு பிறந்தார்கள். 2018-இல் வெளிவந்த செய்தி இது. மூவரிடம் கண்ட வெற்றி முதற்படிதான். ஆனால் எந்த யாகமும் ஏறாத படி அது!

அரசுக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. ஹீமோபிலியா அதில் உண்டு, தலசீமியா உண்டு, வரவேற்கிறோம். வியர்வையும் பல்லும் இல்லாத இந்தப் பிள்ளைக்கு அங்கே தனிப் பெயர் இல்லை. சிறுவயதிலேயே அவனுக்குப் பொய்ப்பல் கட்ட வேண்டும். தாடை வளர வளர அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றாடக் கூலி வாங்கும் தந்தை அந்தச் செலவுக்கு எங்கே போவான்? அரசு ஏற்கட்டும்! பள்ளியிலே அவன் பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். தொழிற்கூடத்திலே அவனுக்கு நிழலான வேலை, வெயில் தாழ்ந்த நேரத்து முறை கிடைக்கட்டும். இது சலுகையன்று, உரிமை!

தொழிற்சங்கத் தோழர்களே! உங்களில் ஒருவன் நண்பகலில் நனைந்த சட்டையோடு நிழலுக்கு ஒதுங்கினால், அவனைச் சோம்பேறி என்று மேஸ்திரி ஏசுமுன் நீங்கள் எழுந்து நில்லுங்கள். அவன் சட்டையை நனைத்தது குழாய்த் தண்ணீராக இருக்கலாம். அவன் பார்த்த வேலை, உங்கள் வேலைக்கு இம்மியும் குறைந்ததன்று!