குமரிக்கு நேர் தெற்கே யார் இருக்கிறார்?

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் கிழக்கே ஒரு முறை பார்ப்பார்கள், மேற்கே ஒரு முறை பார்ப்பார்கள். உதயம், அஸ்தமனம். நடுவில் விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, நாலு செல்ஃபி. தெற்கே யாரும் அதிக நேரம் பார்ப்பதில்லை. அங்கே என்ன, வெறும் தண்ணீர்தானே?

வெறும் தண்ணீர்தான். ஆனால் எவ்வளவு தூரத்துக்குத் தெரியுமா? முக்கடல் சங்கமத்திலிருந்து நூல் பிடித்தாற்போல நேர் தெற்கே ஒரு கோடு போட்டால், சுமார் 5,100 கிலோமீட்டருக்கு ஒரு பிடி மண் கிடையாது. இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடும், மாலத்தீவு மேற்கே ஒதுங்கிவிடும். கடைசியில் வருவது ஆம்ஸ்டர்டாம் தீவு. நெதர்லாந்தின் தலைநகர் அல்ல, இது வேறு. பிரான்ஸுக்குச் சொந்தமான சின்ன எரிமலைத் தீவு. கன்னியாகுமரி இருக்கும் அதே 77.5 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டித்தான் அதுவும் இருக்கிறது. குடிமக்கள் யாரும் இல்லை. ஓர் ஆராய்ச்சி நிலையமும் அதில் சிலரும் மட்டும்.

2014 ஜனவரி கடைசியில் ஒரு குழு கப்பலில் போய் அந்தத் தீவில் இறங்கியது. புதையல் எடுக்கப் போகவில்லை. ரேடியோவில் பேசப் போனார்கள். எஃப்.டி.5.இசட்.எம். என்பது அவர்களுடைய அழைப்புக் குறி. இரண்டரை வாரத்தில் உலகம் முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்புகள். அந்தக் குரல்களுக்கும் உலகத்துக்கும் நடுவே செல்போன் டவர் இல்லை, கேபிள் இல்லை. ஆன்டெனா இருந்தது, ஆகாயம் இருந்தது. அவ்வளவுதான்.

இவர்களுக்கு ஹாம் என்று பெயர். அமெச்சூர் ரேடியோக்காரர்கள். அரசிடம் லைசென்ஸ் வாங்கி, சொந்த செட்டில், காசு வாங்காமல் உலகத்தோடு பேசுகிறவர்கள். இந்த வாரம் அவர்களைப் பற்றித்தான்.

உருப்படாத அலை

வீட்டில் வால்வு ரேடியோ பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சிற்றலை புதிதல்ல. இலங்கை வானொலியையும் பிபிசி தமிழோசையையும் பிடிக்க முள்ளை நூலிழை அளவு நகர்த்தியவர்கள் நம் ஊரில் ஏராளம். கரகரவென்று இரைச்சல், அதற்குள்ளிருந்து மெல்ல மேலே வரும் ஒரு குரல். அந்தச் சிற்றலையில்தான் ஹாம்களும் பேசுகிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், இங்கே நாம் கேட்பதோடு நிற்பதில்லை. பதிலும் சொல்லலாம்.

இந்த அலை ஹாம்களுக்குக் கிடைத்த கதை வேடிக்கையானது. 1912-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. நீளமான அலைகளெல்லாம் கப்பலுக்கும் அரசுக்கும் கம்பெனிகளுக்கும். 200 மீட்டரும் அதற்குக் கீழே உள்ளதும் பொழுதுபோக்குக்காரர்களுக்கு. தூரம் போகாத, உருப்படாத அலை என்று அன்றைக்கு எல்லாரும் நினைத்ததைத்தான் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

அந்த உருப்படாத அலை 1923 நவம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் இருந்த இரண்டு ஹாம்கள் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். அடுத்த வருடம், 1924 அக்டோபர் 18-ம் தேதி, நியூசிலாந்தில் ஆட்டுப்பண்ணை வைத்திருந்த ஃபிராங்க் பெல் அனுப்பிய மோர்ஸ் சத்தத்துக்கு லண்டன் பள்ளி ஒன்றிலிருந்து பதில் போனது. கிட்டத்தட்ட பூமியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். பதில் அனுப்பியவர் செசில் கோய்டர். வயது 18, பள்ளி மாணவர்.

அந்தப் பையன் பிற்பாடு நம் நாட்டுக்கே வந்தார். அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக 1936 முதல் பத்து வருடம் போல இருந்து, நாடு முழுக்கச் சிற்றலை நிலையங்கள் அமைவதற்குத் திட்டம் போட்டவர் அவர்தான்.

ஜப்பானுக்குக் கேட்கும், மதுரைக்குக் கேட்காது

அலை எப்படி இவ்வளவு தூரம் போகிறது? பூமி உருண்டை. அலையோ நேராகப் போகிறது. நியாயப்படி அது ஆகாயத்தில் போய்த் தொலைய வேண்டும். தொலையாமல் காப்பாற்றுவது அயனி மண்டலம். சூரிய வெளிச்சம் பட்டு மின்னேற்றம் பெற்ற காற்று, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிபோல நிற்கிறது. அலை அதில் பட்டு வளைந்து பூமிக்குத் திரும்புகிறது. ஒரு தாவலில் மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர் போகும். கீழே கடலில் பட்டு மறுபடி மேலே. நாகர்கோவிலிலிருந்து லண்டன் சுமார் 8,400 கிலோமீட்டர். மூன்று தாவல் போதும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாவுகிற அலை நடுவில் இருக்கிறவர்கள் தலைக்கு மேலே போய்விடும். 14 மெகாஹெர்ட்ஸில் நாகர்கோவிலிலிருந்து கூப்பிட்டால் ஜப்பானில் இருப்பவர் பதில் சொல்வார். மதுரையில் இருப்பவருக்கு நீங்கள் பேசுவதே தெரியாது. மதுரையைப் பிடிக்க வேண்டுமென்றால் 7 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, ஆன்டெனாவையும் தாழ்வாகக் கட்ட வேண்டும். அலை நேர் மேலே போய், குடை விரித்தாற்போல சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டரில் இறங்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எந்த நேரம் எங்கே கேட்கும் என்பது சூரியனைப் பொறுத்தது. பகலில் 21, 28 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகள் திறக்கும். இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் நெடுந்தூரம் போகும். உதயமும் அஸ்தமனமும் சுற்றுலாக்காரர்களுக்கு மட்டுமல்ல, ஹாம்களுக்கும் விசேஷம்தான். பகலும் இரவும் சந்திக்கும் அந்தக் கோட்டை ஒட்டி அந்தச் சில நிமிடங்களில் எதிர்பாராத ஊர்களெல்லாம் கேட்கும். சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்குச் சுமார் 11 வருடம். 2024-ஐ ஒட்டி அது உச்சத்துக்கு வந்தது. அதனால் இப்போதைக்கு நல்ல காலம்தான்.

நாஞ்சில் நாட்டுக்கு இன்னொரு விசேஷமும் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறது. 1963 நவம்பர் 21-ல் இந்தியாவின் முதல் ராக்கெட்டை ஏவ விக்ரம் சாராபாய் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதும் இதனால்தான். பொழுது சாய்ந்ததும் இங்கே நமக்கு மேலே இருக்கும் அயனி மண்டலம் உயர்ந்து கலங்கும். அந்த நேரத்தில் தூரத்துக் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல நடுங்கும். செட்டு பழுதோ என்று பார்க்க வேண்டாம். அது நம் ஊர் வானத்தின் குணம்.

இரண்டு தென்னை போதும்

பெரிய கோபுரம் தேவையில்லை. 14 மெகாஹெர்ட்ஸுக்குப் பத்து மீட்டர் செம்புக் கம்பி. அதை நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் கோஆக்ஸியல் கேபிளின் இரண்டு முனையில் சேர்த்து, இரண்டு தென்னை மரத்துக்கு நடுவே கட்டினால் ஆன்டெனா தயார். ஆரல்வாய்மொழிக் காற்று அடிக்கிற ஊரென்றால் கொஞ்சம் தளர்த்திக் கட்ட வேண்டும். சாதாரணமாக செட்டின் சக்தி 100 வாட், அதாவது பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. ஐந்து வாட்டிலேயே கண்டம் தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற எளிய செட்டை உலகம் முழுக்க ஹாம்கள் தாங்களே பற்றவைத்துச் செய்து பேசுகிறார்கள்.

பிறகு கூப்பிட வேண்டும். "சி.க்யூ., சி.க்யூ." என்றால், கேட்கிறவர் யாராக இருந்தாலும் வாருங்கள் என்று அர்த்தம். அதோடு உங்கள் அழைப்புக் குறி. இந்தியர்களுக்கு வி.யு.2, வி.யு.3 என்று தொடங்கும். அந்தமானுக்கு வி.யு.4, லட்சத்தீவுக்கு வி.யு.7, இலங்கைக்கு 4.எஸ்.7. கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பத்து தடவை ஒன்றும் வராது. பதினோராவது தடவை இரைச்சலுக்குள்ளிருந்து ஒருவர் உங்கள் குறியைத் திருப்பிச் சொல்வார். பெயர், ஊர், குரல் எப்படிக் கேட்கிறது என்று இரண்டு எண். "ஃபைவ் நைன்" என்றால் பிரமாதம். அரசியல் கூடாது, வியாபாரம் கூடாது. கடைசியில் "73", அதாவது நல்வாழ்த்துகள். பிறகு நோட்டில் தேதி, நேரம், அலைவரிசை. சிலர் தபாலில் கார்டும் அனுப்புவார்கள்.

"இதுக்கு வாட்ஸ்அப்ல கூப்பிட்டா போதாதா பாட்டா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்பது நியாயம்தான். சந்தையில் மீன் கிடைக்கும்போது தூண்டிலோடு பாறையில் உட்கார்ந்திருப்பவரிடமும் இதையே கேட்கலாம்.

இன்னொன்று. இன்றைக்கு ஹாம்களின் பெரிய தலைவலி இன்வெர்ட்டரும் மலிவு எல்.இ.டி. பல்பும் கிளப்புகிற மின் இரைச்சல். கரண்ட் போனால் தெருவே மின்வாரியத்தைத் திட்டும். பேட்டரியில் செட்டு வைத்திருக்கிறவர் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்படுவார். அப்போதுதான் வானம் சுத்தமாகக் கேட்கும்.

கரண்ட் போன நாட்கள்

கரண்ட் போனது என்றதும் நம் மாவட்டத்துக்கு ஞாபகம் வரும் நாட்கள் வேறு.

2004 டிசம்பர் 26. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. மணக்குடிப் பாலத்தையே கடல் பெயர்த்துப் போட்டது. அதே காலையில் அந்தமானில் போர்ட் பிளேர் ஆட்டம் கண்டு, தீவுகளின் தொலைபேசி அறுந்தது. அப்போது அங்கே பாரதி பிரசாத் தலைமையில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு இருந்தது. அந்தமானிலிருந்து ஹாம் குரல் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்ததால், உலக ஹாம்கள் அந்த ஒரு தொடர்புக்காக முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதத் தொடக்கத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தது வெறும் "ஃபைவ் நைன், 73"தான். நிலம் ஆடிய அன்று அதே செட்டு, அதே ஆன்டெனா, அதே ஆட்கள் அவசரச் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். உயிரோடு இருக்கிறோம் என்ற தகவல் நிலப்பகுதியில் இருந்த குடும்பங்களுக்குப் போனது. இலங்கையில் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே செய்தியைக் கொண்டுபோனதும் ஹாம்களின் சிற்றலைதான்.

2017 நவம்பர் 30, ஒக்கி. ரப்பரும் வாழையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன, டவர்கள் செத்தன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். படகில் இருக்கும் வி.எச்.எஃப். செட்டு நேர்கோட்டில் சில பத்துக் கிலோமீட்டர்தான் எட்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களுக்குப் புயல் எச்சரிக்கை போய்ச்சேர வழியில்லை. லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் படகுகள் ஒதுங்கின. கரையில் பெண்கள் நாள்கணக்கில் கோயில் வாசலில் காத்திருந்தார்கள். பலர் திரும்பி வரவே இல்லை.

ஹாம் ரேடியோ இருந்திருந்தால் அவர்களெல்லாம் பிழைத்திருப்பார்கள் என்று சொன்னால் அது பொய். மீன்பிடித் தொழிலுக்கு அமெச்சூர் அலைவரிசையைப் பயன்படுத்தவும் கூடாது. படகுக்கு வேண்டியது செயற்கைக்கோள் கருவி. ஒக்கிக்குப் பிறகு அதற்கான ஏற்பாடுகள் தொடங்கின.

ஆனால் கரைக்கு? டவரும் கரண்டும் ஒன்றாக விழுந்த அந்த நாட்களில், ஊருக்கு ஊர் ஒருவர் கார் பேட்டரியும் பத்து, இருபது மீட்டர் கம்பியுமாக இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? தாழ்வாகக் கட்டிய ஆன்டெனாவில் 7 மெகாஹெர்ட்ஸ் மதுரைக்கும் சென்னைக்கும் கொச்சிக்கும் பேசும் என்று மேலே சொன்னேனே, அது இதற்குத்தான். யார் எந்தக் கரையில் ஒதுங்கினார்கள் என்ற பெயர்ப் பட்டியலாவது ஊருக்குள் சீக்கிரம் வந்திருக்கும். காத்திருக்கிறவர்களுக்கு ஒரு பெயர் என்பது சின்ன விஷயமல்ல.

செட்டை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தால் இது நடக்காது. இரைச்சலுக்குள் ஒரு பெயரைப் பிழையில்லாமல் பிடிக்கக் காது பழக வேண்டும். எந்த நேரத்துக்கு எந்த அலைவரிசை என்று கை அறிய வேண்டும். அறுந்த கம்பியை இருட்டில் கட்டத் தெரிய வேண்டும். ஜப்பானோடும் பிரேசிலோடும் தினமும் வெட்டியாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கு இவையெல்லாம் தானாக வரும். அந்த வெட்டிப்பேச்சுதான் பயிற்சி.

எங்கே தொடங்குவது?

முதலில் கேளுங்கள். வெப்எஸ்டிஆர் என்று தேடினால், நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகம் வைத்திருப்பது போன்ற ரேடியோக்களை உங்கள் செல்போனிலேயே திருப்பிக் கேட்கலாம். பிடித்துப்போனால் லைசென்ஸ். 12 வயது ஆனவர்கள் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதலாம். கொஞ்சம் மின்னியல், கொஞ்சம் விதிமுறை. தொடக்க நிலைக்கு மோர்ஸ் தெரிய வேண்டியதில்லை, பொது நிலைக்கு வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஒரு வார்த்தை பேசினாலும் குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நம் கரையில் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இயற்பியல் ஆசிரியர் இருக்கிறார், மொட்டை மாடி இருக்கிறது. இல்லாவிட்டால் முற்றத்தில் தென்னை இருக்கிறது. நாலைந்து பள்ளிகளில் ஒரு செட்டும் பத்துப் பிள்ளைகளும் இருந்தால் போதும். உங்கள் ஊர்ப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது எழுந்து கேட்டுப் பாருங்கள். எந்த ஊரில் தொடங்கினாலும் எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்தில் சொல்கிறேன்.