காடு காப்பவர் யார்?

காட்டைக் காப்பவர் யார் என்று கேட்டால், கோட்டையிலே கொலுவிருப்போர் கூறும் விடை ஒன்றுதான்: "நாங்கள்தான்! காக்கி உடுப்பும் கையிலே தடியும் கொண்ட எமது காவலர்தான்!" காட்டை ஒட்டிக் குடிசை போட்டிருக்கும் ஏழையோ அவர்கள் கண்ணுக்குக் காவலன் அல்லன், கள்வன். சுள்ளி பொறுக்கினால் வழக்கு. தேன் எடுத்தால் தண்டம். ஆடு நுழைந்தால் அபராதம். 1878-இல் இந்திய வனச்சட்டமாகவும், 1882-இல் சென்னை வனச்சட்டமாகவும் வெள்ளையன் வகுத்துத் தந்த பார்வை இது. வெள்ளையன் போனான், பார்வை போகவில்லை.

இந்தப் பார்வைக்கு அறிவியல் முலாம் பூசவும் ஆள் கிடைத்தது. காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர் 1968-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஊர்ப் பொதுவான மேய்ச்சல் நிலத்திலே ஒவ்வொருவனும் ஒரு மாட்டைக் கூடுதலாக ஓட்டிவிடுவான். முடிவில் புல்லும் மிஞ்சாது, மாடும் மிஞ்சாது. ஆகவே பொதுச் சொத்தை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், இன்றேல் தனியார் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் வாதம். மாடு ஓட்டுகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்கள் என்று அவர் எப்படித்தான் எண்ணினாரோ! ஊர்க்கூட்டம் என்ற ஒன்றை அவர் கண்டதே இல்லை போலும்.

வாதத்தை வாதத்தால் வெல்லலாம். ஆனால் அளந்து காட்டி வெல்வது அதனினும் மேல். அதைச் செய்து காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார். பொருளியலுக்கான நோபெல் பரிசை 2009-இல் பெற்றவர். அப்பரிசைப் பெற்ற முதற்பெண்மணி. 1992-இல் இந்தியானா பல்கலைக்கழகத்திலே அவர் தொடங்கிய பன்னாட்டு வன ஆய்வுத் திட்டத்தில், ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் ஆய்வாளர்கள் ஒரே முறையைக் கைக்கொண்டு இறங்கினர். காட்டிலே சிறு வட்டங்கள் குறித்து, அவற்றினுள் நிற்கும் மரங்களின் பருமனையும் உயரத்தையும் அளப்பது ஒரு பாதி. ஊருக்குள் சென்று, விறகு எடுக்க விதி என்ன, விதியை வகுத்தவர் யார், மீறினால் கேட்பவர் யார் என்று விசாரிப்பது மறு பாதி. சில ஆண்டுகள் கழித்து அதே காட்டுக்குத் திரும்பச் சென்று மீண்டும் அளப்பது மூன்றாவது வேலை. மேடையில் முழங்குவதைவிடக் கடினமான வேலை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கிடைத்த விடை என்ன? 13 நாடுகளில் 163 காடுகளை ஒப்பிட்டு 2006-இல் வெளியான ஆய்வு, அரசு வேலியிட்டுக் காத்த காட்டுக்கும் வேலியிடாத காட்டுக்கும் மர அடர்த்தியிலே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. பெயர்ப்பலகை மரத்தை வளர்க்கவில்லை! விதி வகுப்பதில் பயன்படுத்துவோருக்குக் கையிருந்ததா, அவர்களே ஒழுங்காகக் கண்காணித்தனரா என்பதே காட்டின் நிலையோடு நெருங்கி நின்றது. அசுவினி சத்ரே, அருண் அகர்வால் என்ற இருவர் 10 நாடுகளில் 80 பொதுக்காடுகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. பரப்பு பெரிதாகவும், விதி வகுக்கும் உரிமை ஊரார் கையிலும் இருந்த இடங்களில், மரங்கள் கரியையும் மிகுதியாகச் சேமித்தன. மக்கள் பிழைப்பும் சிறந்தது.

ஐயம் தீராதவர் நேபாளத்தைப் பார்க்கட்டும். 1957-இல் அங்கே தனியார் காடுகள் அனைத்தையும் அரசு தன்னுடைமை ஆக்கிற்று. நோக்கம் நல்லதுதான். ஆனால், நேற்றுவரை நமதென்றிருந்த காடு இன்று நமதல்ல என்றானபின் அதைக் காக்க எவன் முன்வருவான்? மலைச்சரிவுகள் மொட்டையாயின. 1993-இல் வந்த வனச்சட்டம் பயனாளர் குழுக்களிடம் காட்டை ஒப்படைத்தது. இன்று அத்தகைய குழுக்கள் 22,000-க்கும் மேல். 1992-இல் நாட்டின் பரப்பில் 26 விழுக்காடாக இருந்த காடு, 2016-இல் 45 விழுக்காடாயிற்று எனச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணித்துள்ளனர். இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளிநாடு சென்றதால் தரிசான நிலத்திலும் மரம் முளைத்தது என்பது உண்மை. முழுப்புகழையும் குழுக்களுக்கே சூட்டுதல் முறையன்று. குழுவுக்குள்ளும் மேட்டுக்குடியினர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தாழ்த்தப்பட்டோரைத் தள்ளிவைத்த ஊர்கள் உண்டு. விறகு சுமக்கும் பெண்கள் செயற்குழுவில் மிகுதியாக அமர்ந்த இடங்களில் காடு மேலும் செழித்தது என்று, நேபாளத்திலும் இந்தியாவிலும் ஆராய்ந்த பீனா அகர்வால் நிறுவியிருக்கிறார். சுமப்பவளுக்குத் தெரியாதா, எந்தக் கிளையை விட்டுவைக்க வேண்டுமென்று!

இப்போது புதியதோர் ஆபத்து. உலகம் சூடேறுகிறது, காடு கரியமில வாயுவை உறிஞ்சுகிறது, ஆகவே காட்டைக் காக்கும் நாடுகளுக்குப் பணம் என்று, 2007-இல் பாலியிலும் 2010-இல் கான்கூனிலும் கூடிய மாநாடுகள் வழிவகுத்தன. மதிப்பற்றதாய்க் கிடந்த காட்டுக்கு விலை வந்தால் என்ன நிகழும்? ஊரார் கையில் விட்டதை அரசு மீண்டும் தன் பிடிக்குள் இழுக்கக்கூடும் என்று 2010-இலேயே மூன்று ஆய்வாளர்கள் எச்சரித்தனர். அது மட்டுமோ! காடு வளர்ப்பதாக நாடுகள் அளித்த வாக்குறுதிகளில் ஏறத்தாழ பாதிப் பரப்பு ஒரே வகை மரத்தோட்டமாகப் போகிறது என்றும், இயற்கைக்காடு அத்தோட்டத்தைப் போல 40 மடங்கு கரியைச் சேமிக்கும் என்றும் 2019-இல் வெளியான கணக்கு கூறுகிறது. வெட்டுவதற்கென்றே நடும் மரத்துக்குக் காடு என்று பெயரா?

நம் நாட்டின் நிலை யாது? 2006-இல் வன உரிமைச் சட்டம் நிறைவேறிற்று. காட்டைக் காக்கவும் நிருவகிக்கவும் கிராமசபைக்கு அது உரிமை தந்தது. ஆனால் தமிழகத்தில் 2008-இல் உயர்நீதிமன்றம் விதித்த கட்டுப்பாட்டினால் பட்டா வழங்குவது முடங்கி, 2016-இல் உச்சநீதிமன்றம் அதை அகற்றும்வரை மலைமக்கள் காத்துக்கிடந்தனர். அதன்பின் தனியார் குடியிருப்புக்கும் நிலத்துக்கும் பட்டா கேட்கும் குரல் எழுந்த அளவுக்கு, ஊருக்குப் பொதுவான காட்டை நிருவகிக்கும் உரிமை கேட்கும் குரல் எழவில்லை. அதற்கென்று தனியே ஒரு மனுப்படிவம் இருக்கிறது. 'சி' படிவம் என்பார்கள். மலையடிவாரக் கிளைகளில் பணியாற்றும் தோழர்கள், அடுத்த கிராமசபை கூடுமுன் அந்தப் படிவத்தைக் கையோடு கொண்டுசென்று, எந்த ஓடை முதல் எந்தப் பாறை வரை தங்கள் காடு என்பதை ஊர் முதியோரையும் பெண்களையும் கேட்டு எழுதி, எல்லையைக் குறித்து, தீர்மானத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.