செஸ் கத்துக்கணுமா? ஓப்பனிங் மனப்பாடத்தை அப்புறம் பார்த்துக்கலாம்!

செஸ் ஆப் டவுன்லோட் செய்ததும் பலரும் முதலில் தேடுவது ஓப்பனிங் வீடியோக்களைத்தான். பிரச்னை என்னன்னா, எதிரில் ஆடுபவர் அந்த வீடியோவைப் பார்த்திருக்க மாட்டார். நாலாவது மூவிலேயே அவர் வேறு எதையாவது ஆடிவிட்டால், மனப்பாடம் செய்தது அத்தனையும் வீண்.

ஆரம்பத்தில் தேவை சில எளிய விதிகள்தான்:

* நடுவில் உள்ள 4 கட்டங்களைப் பிடியுங்கள்.
* குதிரை, பிஷப்பைச் சீக்கிரம் வெளியே கொண்டுவாங்க.
* ராணியை அவசரப்பட்டு இறக்காதீங்க. அதை விரட்டிக்கொண்டே எதிராளி தன் காய்களை முன்னேற்றிவிடுவார்.
* கேஸ்லிங் செய்து ராஜாவைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கு. நடுவில் நிற்கும் குதிரை 8 கட்டங்களுக்குப் பாயும். மூலையில் நின்றால் வெறும் 2. காரணம் புரிந்தால் விதி மறக்காது. அதை எப்போது மீறலாம் என்பதும் பிடிபடும்.

இதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு மட்டும்தானா? இல்லை. ‘சிப்பாய் குறைவாக இருந்தால், பெரிய காய்களை வெட்டி மாற்றிக்கொள்ளாதே’ என்பது பழைய பாடம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டத்தில், ஒரு சிப்பாய் குறைவாக ஆடிக்கொண்டிருந்தார் டிங் லிரென். 55-வது மூவில் அவர் யானையை வைத்த இடம், யானைகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட வழிவிட்டது. மிஞ்சிய அந்த ஒரு சிப்பாய்தான் நம்ம குகேஷை 18 வயதில் உலக சாம்பியனாக்கியது.

அடுத்த முறை தோற்றதும் உடனே ‘ரீமேட்ச்’ அழுத்தாதீங்க. எந்த விதியை, எந்த மூவில் விட்டீங்கன்னு ஒரு நிமிஷம் பின்னால் போய்ப் பாருங்கள். பத்து வீடியோவைவிட அது அதிகம் கற்றுத்தரும்.