ஊரிலிருந்து வருபவர்களை எங்கே தங்க வைப்பது? மும்பையில் அறை வாடகையும் ரயில் பாதையும்

அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் கோடை விடுமுறையும் நெருங்கும்போது மும்பையில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஊரிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கிவிடும். ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பர் முதல் குறைக்கப்பட்ட பிறகு இந்தத் தொலைபேசி சற்றுத் தாமதமாக வருகிறதே தவிர, வராமல் இருப்பதில்லை. "மச்சான், டிக்கெட் போட்டாகிவிட்டது. நாலு பேர், நாலு நாள். உங்களுக்கு எதற்குச் சிரமம்? நாங்களே ஒரு ரூம் பார்த்துக்கொள்கிறோம். போனில் பார்த்தேன், 1,200 ரூபாய்க்கே கிடைக்கிறது" என்கிறார் மைத்துனர். எந்த இடம் என்று கேட்டால், "மும்பைதான்" என்று பதில் வரும்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். மும்பையில் 1,200 ரூபாய்க்கு அறை கிடைக்கிறது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த அறை கல்யாணில் இருக்கிறதா, குர்லாவில் இருக்கிறதா, தாதரில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து வருபவர்களின் நாலு நாளும் மாறிவிடுகிறது. இங்கே இருப்பவரின் சம்பளமும் மாறிவிடுகிறது என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மும்பை, மதுரையைப் போலக் கோயிலைச் சுற்றி வட்டமாக வளர்ந்த நகரமல்ல. தெற்கே கடலுக்குள் நீட்டிய விரல் போன்ற நிலம் அது. ஊரிலிருந்து வருபவர்கள் பார்க்க விரும்பும் இடங்களில் பெரும்பாலானவை அந்த விரலின் நுனியில் இருக்கின்றன. 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கேட்வே ஆஃப் இந்தியா, அங்கிருந்து எலிஃபெண்டாவுக்குப் படகு, அருங்காட்சியகம், மெரின் டிரைவ், சத்ரபதி சிவாஜி ரயில் நிலையக் கட்டடம் எல்லாம் அங்கேதான். சித்திவிநாயகரும் மகாலட்சுமியும் நடுப்பகுதியில். ஜூஹு கடற்கரையும், போரிவலி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கன்ஹேரி குகைகளும் மட்டுமே வடக்கே தனித்து நிற்கின்றன.

மலிவான அறைகளோ பெரும்பாலும் வடக்கே. ஆகவே வடக்கே தங்கி, தினமும் காலையில் தெற்கே போய், இரவு வடக்கே திரும்ப வேண்டும். இந்த ஊரின் அலுவலகக் கூட்டத்தில் பெரும்பகுதி எந்த நேரத்தில் எந்தத் திசையில் போகிறதோ, அதே நேரத்தில் அதே திசையில் என்று பொருள். காலை எட்டரை மணிக்கு டோம்பிவிலியில் பாஸ்ட் லோக்கல் ஏறுவது எப்படி என்பதை நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பத்து ஆண்டுப் பழக்கம் உள்ளவர்களே கதவருகே தொங்கும் வண்டியில், முழங்கால் வலிக்கும் மாமியாரையும் ஆறு வயதுக் குழந்தையையும் ஏற்றுவது எளிதா?

இரண்டு கணக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். கல்யாண் பக்கம் அறை 1,200 ரூபாய், தாதரில் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று இரவுக்கு வித்தியாசம் 2,400 ரூபாய். கல்யாணிலிருந்து சத்ரபதி சிவாஜி நிலையம் சுமார் 54 கிலோமீட்டர். பாஸ்ட் வண்டியிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல். போக வர, காத்திருக்க என்று நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் போய்விடும். தாதரிலிருந்து அதே இடம் சுமார் ஒன்பது கிலோமீட்டர், இருபது நிமிடம். இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஐந்து ரூபாய். கல்யாணில் தங்கியவர்கள் ஒரே ஓர் இரவு களைப்பு மிகுந்து டாக்சி பிடித்துவிட்டால், மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அந்த ஒரு பயணத்திலேயே கரைந்துவிடும்.

இது விருந்தினரின் கணக்கு. மற்றொன்று உண்டு. இந்தியும் மராத்தியும் தெரியாதவர்கள் தொலைவில் தங்கினால், நம்மவர் கூடப் போயே ஆகவேண்டும். நிரந்தர வேலையில் இருக்கும் குமாஸ்தாவுக்கு மூன்று நாள் விடுப்பு போகும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் தினக்கூலிக்காரருக்கும் மூன்று நாள் கூலியே போகும். அறை வாடகையைக் கொடுப்பவர் வந்தவர். கூலியை இழப்பவர் இருப்பவர். அவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார் என்பதால் இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. எனவே அறையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "வருபவர்கள் தாங்களாகவே வெளியே போய்த் திரும்ப முடியுமா?" என்பதே. வாடகை அதற்குப் பிறகு.

வாடகையிலும் ஒரு மாற்றம் நேர்ந்திருக்கிறது. 1,000 ரூபாய்க்குக் குறைவான அறைகளுக்கு இருந்த வரிவிலக்கு 2022 ஜூலையில் நீக்கப்பட்டு 12 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு அது 5 சதவீதமாகக் குறைந்தது. 2,000 ரூபாய் அறைக்கு நாளொன்றுக்கு 140 ரூபாய் மிச்சம். பெரிய தொகை அல்ல. ஆனால் நால்வரின் காலைச் சிற்றுண்டியில் பாதிக்காவது ஆகும். பில் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

மாதுங்காவின் வரலாறு

தாதர், மாதுங்கா பகுதியை நம்மவர்கள் காலங்காலமாகச் சொல்லி வருவதற்குக் காரணம் வெறும் ஊர்ப்பாசம் அல்ல. 1896இல் பிளேக் நோய் பரவியதையடுத்து, நெரிசலான பழைய நகருக்கு வெளியே மக்களைக் குடியமர்த்த 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அந்த டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய பகுதிகள்தாம் தாதர், மாதுங்கா, வடாலா, சயான். அகன்ற தெருக்கள், மரங்கள், இரண்டு மூன்று மாடிக் கட்டடங்கள். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் கம்பெனிகளிலும் எழுத்து வேலைக்கு வந்த தென்னாட்டவர்கள் அங்கே குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. ஆஸ்திக சமாஜக் கோயில், பூக்கடைகள், டிகாஷன் காபி, இலைச் சாப்பாடு, பிறகு சண்முகானந்தா சபை என்று ஓர் ஊரே உருவாயிற்று. இன்று அங்கே தமிழ்க் குடும்பங்கள் குறைந்து குஜராத்திக் குடும்பங்கள் பெருகிவிட்டன. ஆனாலும் மொழி தெரியாத ஒரு பெரியம்மா தனியாகக் கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கி வரக்கூடிய இடம் மும்பையில் இன்னும் அதுதான்.

மாதுங்காவில் தங்கும் விடுதிகள் அதிகமில்லை. ஒரு நிலையம் தள்ளித் தாதரில்தான் பார்க்க வேண்டும். தாதரின் பலம் வேறு: மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும் அங்கே சந்திக்கின்றன. 2023 டிசம்பரில் பிளாட்பார எண்கள் ஒரே வரிசையாக மாற்றப்பட்டு, மேற்கு ரயில்வேக்கு 1 முதல் 7, மத்திய ரயில்வேக்கு 8 முதல் 14 என்று ஆகிவிட்டதால் புதியவர்களுக்குக் குழப்பமும் குறைந்தது. பழைய நினைவில் வழி சொல்லும் நம்மவர்கள்தாம் இப்போது குழப்புகிறார்கள்.

குர்லா டெர்மினஸ் அருகில் அறை எடுப்பது பலர் செய்யும் தவறு. ஊர் வண்டி அங்கே வந்து நிற்கிறது, இறங்கியதும் படுக்கலாம் என்பது அவர்கள் வாதம். வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் வசதிதான். இடையில் உள்ள நாட்களுக்கு அல்ல. மறுநாள் காலை ரயிலுக்காக ஓரிரவு தங்குவதென்றால் சரி. அதைவிடச் செம்பூர் மேல். அங்கிருந்து துறைமுகப் பாதை வண்டி நேராகச் சத்ரபதி சிவாஜி நிலையம் போகிறது. தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும். சேடா நகர் முருகன் கோயிலும் உண்டு. ஆனால் மோனோ ரயிலை நம்பி அங்கே அறை எடுக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 20 முதல் அது நிறுத்தப்பட்டது, ஓடிய காலத்திலும் பயணிகளை அவ்வளவாக ஈர்த்ததில்லை.

கோட்டைப் பகுதி, கொலாபா பற்றி ஒரு வார்த்தை போதும். பார்க்கும் இடங்கள் நடக்கும் தூரத்தில் இருக்கும். வாடகை நம் கைக்கு எட்டாது. சத்ரபதி சிவாஜி நிலையத்தை ஒட்டிய மலிவு அறைகளில் சன்னல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மெட்ரோ மாற்றியது என்ன?

இந்தப் பழைய கணக்கைக் கலைத்திருப்பது மூன்றாம் மெட்ரோ பாதை. ஆரேயிலிருந்து பாந்த்ரா-குர்லா வளாகம் வரை 2024 அக்டோபரிலும், ஆச்சார்ய அத்ரே சவுக் வரை 2025 மேயிலும், கஃப் பரேடு வரை முழுமையாக 2025 அக்டோபரிலும் திறக்கப்பட்டது. 33.5 கிலோமீட்டர், 27 நிலையங்கள். விமான நிலையத்தின் இரண்டு முனையங்கள், தாராவி, தாதர், சித்திவிநாயகர், சத்ரபதி சிவாஜி நிலையம், சர்ச்கேட் எல்லாம் ஒரே பாதையில் வந்துவிட்டன. குளிர்சாதன வசதி, மின்தூக்கி, நெரிசல் குறைவு. முதியவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எனவே அந்தேரி கிழக்கில், மரோல் நாக்கா பக்கம் அறை எடுப்பது முன்போல் முட்டாள்தனம் அல்ல. ஆனால் கட்டணம் தூரத்துக்கேற்ப 10 முதல் 70 ரூபாய் வரை. நீண்ட பயணத்துக்கு ஆளுக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், நால்வர் போய்வர நாளொன்றுக்கு 400 ரூபாய். தாதரிலிருந்து லோக்கலில் அதே நால்வருக்கு 40 ரூபாய். மூன்று நாளில் ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம். மரோலில் அறை வாடகை எவ்வளவு குறைவு என்பதை இந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று: தாதர் மெட்ரோ நிலையம் மேற்கே இருக்கிறது. தாதர் கிழக்கில் அறை எடுத்தவர்கள் பாலம் ஏறி இறங்கி நடக்க வேண்டியிருக்கும்.

தாராவியில் மெட்ரோ நிலையம் வந்துவிட்டதால் அங்கே உறவினர் வீட்டில் தங்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். வீட்டில் இடம் இருந்தால் தாராளமாகத் தங்கலாம். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது இன்னும் நால்வர் எப்படிப் படுப்பது? இரவுப் பணிக்குப் போய்வரும் ஆள் பகலில் எங்கே தூங்குவார்? மறுசீரமைப்புத் திட்டத்தின்படி தகுதி பெற்ற குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு உண்டு. தகுதி பெறாதவர்கள் தாராவிக்கு வெளியே போக வேண்டியிருக்கும். ஊர்க்காரர்கள் அடுத்தடுத்த தெருக்களில் இருந்து, வந்த விருந்தினரைப் பங்கு போட்டுக்கொண்ட பழக்கம் இனி எத்தனை காலம் நீடிக்கும் என்பது சந்தேகமே. உறவினரை லாட்ஜில் தங்க வைத்தால் கௌரவக் குறைவு என்று நினைத்துக் கடன் வாங்கிச் சிரமப்படுவோர் இன்னும் இருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்து, படுக்க மட்டும் அறைக்கு அனுப்பினால் மைத்துனர் கோபித்துக்கொள்வாரா என்ன? கோபித்துக்கொண்டாலும் ஒரு நாள் கோபம்தான்.

மழைக்காலத்தில் எல்லாம் தலைகீழ். பெருமழையில் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கமும் தாதர் ஹிந்துமாதாவும் முதலில் மூழ்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வருபவர்களுக்கு அந்தத் தாழ்வான தெருக்களில் அறை பார்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் எந்தப் பாதையில் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். எலிஃபெண்டா குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்த இரண்டு நாட்களையும் ஒன்றாக இழந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் உண்டு.

சாலை வழியாகப் போவதென்றால் மேலும் ஒரு செய்தி. சயான் ரயில் மேம்பாலம் 2024 ஆகஸ்டிலும், பிரபாதேவி அருகே எல்பின்ஸ்டன் பாலம் 2025 செப்டம்பரிலும் இடித்துக் கட்டுவதற்காக மூடப்பட்டன. கிழக்கிலிருந்து மேற்கே டாக்சியில் போவதானால் எந்தப் பாலம் திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். ஆட்டோ ரிக்‌ஷா சயானுக்கும் பாந்த்ராவுக்கும் தெற்கே வராது. டாக்சியின் குறைந்தபட்சக் கட்டணம் 2025 பிப்ரவரியில் 31 ரூபாயாகவும், பெஸ்ட் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் அதே ஆண்டு மேயில் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகவும் உயர்ந்தன.

அறைக்குப் பணம் கட்டுமுன் விடுதிக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசி மூன்று விவரங்கள் கேட்கச் சொல்லுங்கள். எந்த நிலையம், கிழக்கா மேற்கா? நடந்து போக எத்தனை நிமிடம்? வாடகை, வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? கடைசிக் கேள்வி முக்கியம். விடியற்காலையில் வந்து இறங்குபவர்களிடம், பகல் 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் விடுதி அரை நாளுக்குத் தனி வாடகை கேட்கலாம். அப்படியானால் பெட்டிகளை நிலையத்துப் பொருள் வைப்பறையில் போட்டுவிட்டு, மாதுங்காவுக்கு வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, பகலில் அறைக்குப் போகலாம்.