மூணு இலை இருந்தா தழைச்சத்து வந்துடுமா?

எங்கள் இடையஞ்சாவடி பக்கம் நாலு தூறல் விழுந்தால் போதும், வாய்க்கால் ஓரத்திலும் மர நிழலிலும் மூணு இலையோடு ஒரு மஞ்சள் பூச்செடி படர ஆரம்பிச்சிடும். புதுசா இயற்கை விவசாயத்துக்கு வரும் தம்பிகள் செல்போனில் படம் பிடிச்சுப் பார்த்துட்டு, "ஐயா, இது குளோவர். காத்துல இருக்கிற தழைச்சத்தை மண்ணுல சேர்த்துடும். இனிமே சணப்பை விதைக்க வேணாம்" என்கிறார்கள். இந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

அது புளியாரை. பயறு வகைக் குடும்பமே கிடையாது. சிற்றிலை ஒவ்வொன்றும் நுனியில் பிளவுபட்டு இதய வடிவில் இருக்கும். பூவுக்கு ஒரே அளவில் அஞ்சு இதழ். காய் குட்டி வெண்டைக்காய் போல நிமிர்ந்து நிற்கும். முற்றியதைத் தொட்டால் விதை தெறிக்கும். இலையை மென்றால் புளிக்கும். நம்ம பெரியவங்க வெச்ச பேரிலேயே அடையாளம் இருக்கு: ஆரை போல இலை, புளிப்பு ருசி. (நெல் வயல் ஆரைக்கு இலை நாலு, பூவே கிடையாது.) துவையலுக்கு அருமையான கீரை. ஆக்சாலிக் அமிலம் இருப்பதால் சிறுநீரகக் கல் உள்ளவங்க மட்டும் தவிர்க்கணும். மண்ணுக்கு மூடாக்காகவும் கிடக்கட்டும், பிடுங்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் காற்றிலிருந்து தழைச்சத்தை அது பிடித்துத் தராது.

மானாவாரி செம்மண்ணில் தீவனத்துக்கு விதைக்கிற முயல் மசாலுக்கும் மூணு இலை, மஞ்சள் பூதான். இலை ஒடுங்கி, நுனி கூராக இருக்கும். பூவைப் பார்த்தால் நிலக்கடலைப் பூவின் சாயல். இரண்டும் நெருங்கிய உறவு. இது தழைச்சத்தைச் சேர்க்கும். அசல் குளோவர் குளிர் தேசத்துச் செடி. அதன் வகையான பெர்சீமை வட இந்தியாவில் குளிர்காலத் தீவனமாகப் பயிரிடுகிறார்கள். நம்ம கடலோர வெயில் அதற்கு ஒத்துவராது.

பேங்கில் கையெழுத்தைச் சரிபார்க்காமல் செக்கை பாஸ் பண்ணமாட்டோம். செடிக்குக் கையெழுத்து வேரில் இருக்கு. இழுத்துப் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிடும். களைக்கொட்டால் மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கணும், அப்போதான் அது வேலை செய்யுது. வேரே வீங்கி, தேய்த்தாலும் உதிராமல் இருந்தால் அது நூற்புழு வேலை.

புளியாரை படர்ந்த நிலத்துக்கும் சணப்பையோ தக்கைப்பூண்டோ கொளுஞ்சியோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழத்தான் வேணும். அந்த விதைச் செலவை மிச்சம் பிடிக்க முடியாது.